லேப்டாப் ஸ்பீக்கர் ஓட்டை ஒரிஜினலா, டம்மியா? வீட்லயே பாத்துக்கலாம்

போன மாசம் சித்தி பையன் லேப்டாப்ப தூக்கிட்டு வந்தான், "அண்ணே சவுண்டே சரியா வரமாட்டேங்குது, ஓட்டையெல்லாம் தூசி அடைச்சிருக்கு போல"ன்னு. நானும் பெரிய மெக்கானிக் மாதிரி குண்டூசி எடுத்து கீபோர்டு பக்கத்துல இருக்கற புள்ளிய ஒண்ணு ஒண்ணா குத்த ஆரம்பிச்சேன், பத்து ஓட்டை தாண்டினப்புறம்தான் உறைச்சுது, ஊசி உள்ள போகவே இல்ல, டக்கு டக்குனு தட்டி நிக்குது. டார்ச் அடிச்சு பாத்தா அடியில மெட்டல் பளபளன்னு தெரியுது. அது ஓட்டையே இல்லங்க, வெறும் குழி. சும்மா ஷோவுக்கு!

இது ஏதோ சீப் லேப்டாப் சமாச்சாரம்னு நெனச்சுடாதீங்க. 2016ல வந்த டச் பார் (கீபோர்டு மேல தொடுதிரை பட்டை) வச்ச 13 இன்ச் மேக்புக் ப்ரோவ, கேட்ஜெட்ட பிரிச்சு காட்டுற ஐஃபிக்ஸிட்காரங்க கழட்டி பாத்தப்போ அதுலயும் இதே கதைதான், கிரில்லுக்கு, அதாவது அந்த ஓட்டை வரிசைக்கு, நேர் கீழ ஸ்பீக்கர் இல்ல, பெரும்பாலான ஓட்டை மறுபக்கம் வரைக்கும் போகவும் இல்ல. அதே ஆப்பிள் 2022ல எம்2 மேக்புக் ஏர்ல கிரில்லையே தூக்கிட்டாங்க, நாலு ஸ்பீக்கர் உள்ள இருக்கு, ஆனா வெளிய ஒரு புள்ளி கூட தெரியாது, கீபோர்டுக்கும் ஸ்க்ரீனுக்கும் நடுவுல இருக்கற இடுக்கு வழியா சவுண்டு வருது. என்னை கேட்டா இதுதான் நேர்மையான டிசைன்.

சரி, உங்களோடது எந்த வகைன்னு பாப்போம். ஒரு டார்ச்சும் ஒரு பேப்பரும் போதும், ஸ்க்ரூ எதையும் கழட்ட வேணாம்.

ஸ்டெப் 1: டார்ச்

ரூம் லைட்ட அணைச்சுட்டு போன் டார்ச்ச கிரில் மேல நேரா அடிக்காம சாய்ச்சு அடிங்க. அடியில பாடி கலர்லயே தரை தெரிஞ்சா டம்மி. கருப்பா ஆழமா இருந்தா, இல்ல மெல்லிசா துணி மாதிரி வலை தெரிஞ்சா நிஜ ஓட்டை. ஒரு மூலைய மட்டும் பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க, நெறைய மாடல்ல கொஞ்ச ஓட்டை நிஜம், மிச்சம் பேட்டர்ன் அழகா தெரியணும்னு போட்டதா இருக்கும்.

ஸ்டெப் 2: சரியான சவுண்ட போடுங்க

பாட்டு போட்டு செக் பண்ணா குழப்பிடும். "ஒயிட் நாய்ஸ்"னு தேடுங்க, பெருமழை பெய்யுற மாதிரி ஸ்ஸ்ஸ்னு வரும், அதை பாதி வால்யூம்ல ஓட விடுங்க. ஏன் இதுன்னா, 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 100 அதிர்வு) பேஸ் சவுண்டோட ஒரு அலை கிட்டத்தட்ட 3.4 மீட்டர் நீளம், அது எந்த இடுக்குல வெளிய வந்தாலும் சுத்தி வளைஞ்சு ரூம் பூரா பரவிடும், எங்கேர்ந்து வருதுன்னு காதால கண்டுபிடிக்க முடியாது. 10,000 ஹெர்ட்ஸ்னா அலை வெறும் 3.4 சென்டிமீட்டர், உள்ளங்கைய வச்சாலே மறைச்சிடலாம். நமக்கு வேண்டியது இந்த கீச்சு சவுண்டுதான், ஒயிட் நாய்ஸ்ல அது நெறைய இருக்கு. அப்படியே சவுண்ட் செட்டிங்ஸ்ல பேலன்ஸ முழுசா இடது பக்கம் தள்ளிடுங்க, ஒரு ஸ்பீக்கர் மட்டும் பாடினா தேடறது ஈஸி.

ஸ்டெப் 3: பேப்பர் குழல்

இதுதான் முக்கியமான ஸ்டெப், அவசரப்படாதீங்க. ஒரு ஏ4 பேப்பர பேனா தடிமனுக்கு சுருட்டி டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைக்கற மாதிரி ஒரு முனைய காதுலயும் இன்னொரு முனைய கிரில்லுலயும் வச்சு (காதுக்குள்ள திணிக்காதீங்க, ஓரமா வச்சா போதும்) மெதுவா நகர்த்துங்க, கிரில் முழுக்க, அப்புறம் பக்கவாட்டு வென்ட் (காத்து ஓட்டை), அப்புறம் ஸ்க்ரீன் மடியற ஹிஞ்ச் இடுக்கு, அப்புறம் லேப்டாப்ப கொஞ்சம் தூக்கி அடிப்பக்கம். ஸ்பீக்கர் வாய் கிட்ட வந்ததும் ஸ்ஸ்ஸ் சட்டுனு கூர்மையாகும், அந்த வித்தியாசம் யாருக்கும் தெரியும். எங்க ஆள் லேப்டாப்புல கீபோர்டு பக்கம் பூரா மந்தமா இருந்துட்டு, அடியில முன் ஓரத்துல நாலு சென்டிமீட்டர் நீள கீறல் மாதிரி ஒரு இடம், அங்க வச்சதும் காது கூசிடுச்சு.

ஸ்டெப் 4: மூடி பாருங்க

அந்த இடத்த விரலால மூடுங்க. சவுண்டு போர்வைக்குள்ள போன மாதிரி ஆச்சுன்னா கன்ஃபர்ம். மேல இருக்கற கிரில்ல மூடியும் ஒண்ணும் மாறலைன்னா சவுண்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா ஒண்ணு, சவுண்டு வரலைங்கறதுக்காக அது மேல ஸ்டிக்கர் ஒட்டிடாதீங்க, சில மாடல்ல அந்த ஓட்டை ஃபேன் காத்து இழுக்கற வழியா இருக்கும். ஒரு சின்ன டிஷ்யூ துண்ட மேல வச்சு, ஃபேன் வேகமா ஓடும்போது ஒட்டிக்குதான்னு பாருங்க.

நிஜ ஓட்டையா இருந்தாலும் எவ்வளவு திறந்திருக்குங்கறது வேற விஷயம். 1 மில்லிமீட்டர் ஓட்டைய மையத்துக்கு மையம் 2 மில்லிமீட்டர் இடைவெளில தேன்கூடு மாதிரி அடுக்கினா மொத்த இடத்துல சுமார் 23 சதவீதம்தான் திறப்பு, அதையே 1.5 மில்லிமீட்டருக்கு நெருக்கினா 40 சதவீதம் வந்துடும். கண்ணுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஸ்டெப் 5: இப்போதான் க்ளீனிங்

டம்மி குழிய துடைச்சா அழகா இருக்கும், அவ்வளவுதான், சவுண்டு ஏறாது. நிஜ வாய்க்கு மெஷின ஆஃப் பண்ணிட்டு சாஃப்ட்டான காஞ்ச டூத்பிரஷ், ஓட்டை கீழ பாக்கற மாதிரி பிடிச்சு லேசா தட்டுங்க, தூசி வெளிய விழணும், உள்ள போகக்கூடாது. என்னை மாதிரி குண்டூசி எடுக்காதீங்க, டம்மியா இருந்ததால நான் தப்பிச்சேன், நிஜ ஓட்டையா இருந்தா வலைய தாண்டி ஸ்பீக்கர் சவ்வையே கிழிச்சிருப்பேன். தண்ணி, ஸ்ப்ரே எதுவும் வேணாம்.

அடியில ஸ்பீக்கர் இருக்கறவங்க மெத்தை, தலையணை மேல வச்சு படம் பாக்காதீங்க, வாய பொத்திட்டு பாட சொல்ற மாதிரி அது. நம்ம ஆள் அதைத்தான் பண்ணிட்டு இருந்திருக்கான். டேபிளுக்கு மாத்தி, அடியில நாலு மூலைக்கும் நாலு பழைய கேரம் காயின டபுள் டேப் போட்டு ஒட்டி விட்டேன், இப்போ பக்கத்து ரூம்ல படம் பாத்தா டயலாக் எனக்கு கேக்குது.