வரைபடத்தில் உங்கள் வளவு எள்ளளவு: வலய மாற்றம் வரும்போது கருத்து எழுதும் முறை

மட்டக்களப்புக் கோட்டைமுனையில் ஒரு நில அளவையாளரின் கந்தோரில் 31 வருடம் படம் கீறிப் பிழைத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் சின்ன உப்போடையில் என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு ஆட்கள் வருவது நிற்கவில்லை. "ஐயா, நகரத் திட்டத்தை மாற்றுகிறார்களாம். எங்கள் பக்கம் மஞ்சளாம். நல்லதா, கூடாதா?" என்று கேட்பார்கள். எங்கே எதைக் கட்டலாம் என்று திட்டம் ஊரை வலயங்களாகப் பிரிக்கும், படத்தில் வலயத்துக்கு ஒரு நிறம். மஞ்சளுக்குச் சோதிடம் சொல்ல எனக்குத் தெரியாது. காணி உறுதியையும் நில அளவைப் பிளானையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், பிறகு பேசுவோம் என்று திருப்பி அனுப்பிவிடுவேன். அவர்களுக்கு நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நாட்கணக்கு. நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1978ஆம் ஆண்டு 41ஆம் இலக்கச் சட்டத்தில் 1982இல் சேர்த்த பகுதிதான் அபிவிருத்தித் திட்டங்களைப் பற்றிப் பேசுகிறது. வரைவுத் திட்டம் தயாரானதும் அறிவித்தல் வர வேண்டும், பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், எவரும் 60 நாட்களுக்குள் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். அதற்குப் பிறகுதான் அமைச்சரின் அங்கீகாரம். இந்த 60 நாட்களில் சனி, ஞாயிறு, பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு எல்லாம் அடங்கும். அறிவித்தல் வந்த நாளைக் கலண்டரில் வட்டமிட்டு, அங்கிருந்து எண்ணுங்கள்.

நான் ஒருமுறை தவறவிட்டேன். அறிவித்தல் ஓர் அலுவலகத்தின் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. அந்தப் பலகைக்கு முன்னால்தான் ஊழியர்கள் சைக்கிள் நிறுத்துவார்கள். ஒரு நாள் ஒரு சைக்கிளை எடுத்தபோது தாளின் கீழ்ப்பாதி தெரிந்தது. கடைசித் திகதி போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. படம் கீறுவதே தொழிலாக இருந்தவனுக்கு இது நடந்தால் மற்றவர்களைச் சொல்லவா வேண்டும்? அதன் பிறகு மூன்று வழி வைத்திருக்கிறேன். ஞாயிறு பத்திரிகையின் அறிவித்தல் பக்கத்தை மரண அறிவித்தலுக்கு முன்னால் பார்ப்பது, மாதம் ஒருமுறை கிராம உத்தியோகத்தரிடம் கேட்பது, வட்டார உறுப்பினரைத் தொலைபேசியில் தொந்தரவு செய்வது. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6ஆம் திகதித் தேர்தல் வரை கேட்பதற்கு உறுப்பினரே இருக்கவில்லை. இப்போது இருக்கிறார்கள், கேளுங்கள்.

வரைவுத் திட்டத்தைப் பார்க்கப் போகும்போது உங்கள் நில அளவைப் படத்தின் பிரதி, உறுதியின் பிரதி, ஓர் அடிமட்டம், ஒரு பூதக்கண்ணாடி, வரைபடத்தைப் படமெடுக்கத் தொலைபேசி ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். பூதக்கண்ணாடி என்றதும் சிரிக்கிறார்கள். 1:10,000 அளவுத்திட்டத்தில் கீறிய படத்தில் 1 சென்ரிமீற்றர் என்பது நிலத்தில் 100 மீற்றர். 20 பேர்ச் வளவு ஒன்று, அதாவது ஏறத்தாழ 20 மீற்றர் அகலமும் 25 மீற்றர் நீளமும், அந்தப் படத்தில் 2 மில்லிமீற்றருக்கு இரண்டரை மில்லிமீற்றர். ஓர் எள் விதை. உங்கள் தென்னை, கிணறு, மாட்டுக்கொட்டில், மகளுக்குப் போட்ட அத்திவாரம் எல்லாம் அந்த எள்ளுக்குள்தான். அரை மில்லிமீற்றர் தடித்த கோடு ஒன்று நிலத்தில் 5 மீற்றரை மூடிவிடும். நம்முடைய ஒழுங்கைகள் பல அதைவிட ஒடுக்கம். ஆகவே வலய எல்லைக்கோடு உங்கள் வேலியில் போகிறதா, கிணற்றடியில் போகிறதா என்பதைப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அங்கிருக்கும் உத்தியோகத்தரிடம், "இந்த எல்லை வீதியின் நடுவில் போகிறதா, காணி எல்லையில் போகிறதா, எந்தப் பக்கக் காணி எந்த வலயம்?" என்று கேளுங்கள். பதிலை அவர் முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள். எழுதுகிறவரைக் கண்டால் பதில் கொஞ்சம் கவனமாக வரும்.

நிறத்தோடு நின்றுவிடாதீர்கள். படத்தோடு ஓர் ஒழுங்குவிதிப் புத்தகம் இருக்கும், அதில்தான் உங்கள் காணியின் விதி இருக்கிறது. அந்த வலயத்தில் எதற்கு அனுமதி, குறைந்தபட்சக் காணி அளவு எவ்வளவு, காணியில் எத்தனை வீதத்துக்குக் கட்டலாம், எத்தனை மாடி, வீதியிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும். இந்த ஐந்தையும் பழைய விதிக்கு எதிரே ஒரு தாளில் எழுதுங்கள். ஐந்தில் நம் ஊர்க்காரர் முதலில் பார்க்க வேண்டியது காணி அளவு. ஏனென்றால் இது மகள்மாருக்கு வளவைப் பிரித்துக் கொடுக்கிற ஊர்.

எனக்கு மூன்று பெண்பிள்ளைகள். என் வளவு 20 பேர்ச், 506 சதுர மீற்றர். மூத்தவளுக்கு முன்பக்கம், மற்ற இருவருக்கும் பின்பக்கம் என்று மனைவி எப்போதோ முடிவு செய்துவிட்டாள். பின்பக்கத்துக்குப் போக 3 மீற்றர் அகலத்தில் 20 மீற்றர் நீளப் பாதை விட்டால் 60 சதுர மீற்றர் போய்விடும். மீதி 446. மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 148.7 சதுர மீற்றர். வீட்டுக் காணிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் குறைந்தபட்ச அளவு 150. ஆளுக்கு 1.3 சதுர மீற்றரால் மூவரும் தோற்றார்கள். ஒரு பாய் விரிக்கிற இடம்கூட இல்லை அது! கடைசியில் பக்கத்து வீட்டு மச்சானிடம் கெஞ்சி, வேலியை அரை மீற்றர் நகர்த்தி, அதற்கும் உறுதி எழுதித்தான் கரை சேர்ந்தோம். இதுவே வாவிக்கரை என்பதற்காகக் குறைந்தபட்ச அளவை 250 சதுர மீற்றராக உயர்த்தும் ஒரு வரைவு வந்தால், 20 பேர்ச் வளவு பாதையே விடாமல் பிரித்தாலும் இரண்டாகத்தான் பிரியும். மூன்றாமவள் எங்கே போவாள்? இந்தக் கேள்வியைக் கொழும்பிலிருந்து திட்டம் வரைகிறவர் நினைத்தும் பார்த்திருக்க மாட்டார். குற்றம் சொல்லவில்லை, அவருடைய ஊரில் வழக்கம் வேறு. ஆனால் நீங்கள் எழுதாவிட்டால் அவருக்கு அது தெரியாமலே போகும்.

அடுத்தது தண்ணீர். படத்தில் எல்லாம் தட்டையாக இருக்கும். 2011 ஜனவரி வெள்ளத்தில் எது தெருவாக இருந்தது, எது தோணாவாக, அதாவது வெள்ளம் வடியும் ஓடையாக, ஓடியது என்று உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிற கறைக்குத்தான் தெரியும். குடியிருப்பு வலயம் என்று நிறம் பூசிய இடத்தில் மாரியில் தண்ணீர் வடியும் வாய்க்கால் இருந்தால் அதைப் படமெடுத்து, திகதி போட்டு, கருத்தோடு இணையுங்கள். வாய்க்காலை நிரப்பி மதில் கட்டுகிறவர் முதலில் மூழ்கடிப்பது தன் வீட்டை அல்ல, மேல்பக்கத்து வீட்டை. எதிர்ப்பக்கமும் உண்டு. நிறம் குடியிருப்பு என்று காட்டினாலும் வேறு சட்டங்கள் அங்கே விழித்திருக்கும். கடலின் உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தேவைப்படும். வயல் நிலத்தை நிரப்பக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். வலயம் மாறிவிட்டது என்று தரகர் சொன்னதை நம்பி முற்பணம் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து அழுதவர்கள் இருக்கிறார்கள்.

கோடு ஒன்று குடும்பத்தை என்ன செய்யும் என்று நான் கண்டது நாவலடியில். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிற மணல்திட்டில் 200 மீற்றர் விட்டால் மிஞ்சுவது என்ன? நாவலடிச் சனம் திராய்மடுவுக்குப் போனார்கள். என் அக்காவும் போனாள். பிறகு அந்த விதியைத் தளர்த்தினார்கள். அக்கா திரும்பிப் போகவில்லை. அன்றைக்கு அது அவசரம், கருத்துக் கேட்க நேரமில்லை என்றார்கள். சரி. இப்போது 60 நாள் தருகிறார்கள்.

ஆலோசனைக் கூட்டம் வைத்தால் போங்கள், தேநீரும் ரோல்ஸும் கிடைக்கும். முன்வரிசையில் இருப்பவர்கள் பேசுவார்கள், நேரம் முடிந்துவிடும். அங்கே நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு: வருகைப் பதிவில் பெயரும் முகவரியும் எழுதுவது, விளக்கக் குறிப்புகள் தமிழில் இல்லாவிட்டால் கேட்டு வாங்குவது. கிழக்கில் நிருவாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை. கூட்டத்தில் கத்தியது அறிக்கையில் "பொதுமக்கள் சில கருத்துகளைத் தெரிவித்தனர்" என்று ஒரு வரியாகிவிடும். கடிதத்தை அப்படிச் சுருக்க முடியாது.

கடிதம் ஒரு பக்கம் போதும். ஊழல், இன அநீதி, முன்னோர் வாழ்ந்த மண் எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் படத்தைத் திருத்துகிறவருக்கு எந்தக் கோட்டை எங்கே நகர்த்துவது என்று தெரிய வேண்டும். நான் எழுதிக் கொடுக்கிற மாதிரி இது:

"மட்டக்களப்பு வரைவு அபிவிருத்தித் திட்டம் தொடர்பான கருத்து. படத்தாள் இலக்கம் ..., வலயம் ..., ஒழுங்குவிதி இலக்கம் .... நான் ... வீதி, ... இலக்கக் காணியின் உரிமையாளர். நில அளவைப் படம் இணைக்கப்பட்டுள்ளது. இவ்விதியின்படி குறைந்தபட்சக் காணி அளவு ... சதுர மீற்றர். இப்பகுதியில் பெற்றோரின் வளவைப் பெண்பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுப்பது வழக்கம். எமது ஒழுங்கையில் உள்ள ... காணிகளில் ... காணிகள் இவ்விதியால் பிரிக்க முடியாதவை ஆகின்றன. ஆகவே குடும்பத்துக்குள் பிரிக்கப்படும் காணிகளுக்கு ... சதுர மீற்றர் என்று திருத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்."

ஒரு கடிதத்தில் ஒரு கோரிக்கை. வாய்க்காலுக்கு வேறு கடிதம். ஒழுங்கை முழுவதும் ஒரே கடிதத்தைப் பிரதி எடுத்துக் கையெழுத்திடுவதைவிட, வீட்டுக்கு வீடு தன் காணி அளவை எழுதிய பத்துக் கடிதம் கனம் கூடியது. ஒழுங்கையில் காணிகளை எண்ணும் வேலையை ஓஎல் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் கொடுங்கள், ஒரு பின்னேரத்தில் முடித்துவிடுவார்கள்.

மூலக் கடிதத்தை அறிவித்தலில் சொன்ன முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நகர அபிவிருத்தி அதிகார சபையின் தலைமை அலுவலகம் பத்தரமுல்லையில் சேத்சிறிபாயவில் இருக்கிறது, தபால் போய்ச் சேரும் நாட்களையும் கணக்கில் எடுங்கள். ஒரு பிரதியை மாநகர ஆணையாளரின் அலுவலகத்தில் கையால் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். "முத்திரை தேவையில்லை, வைத்துவிட்டுப் போங்கள்" என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டு நில்லுங்கள். முத்திரை வரும்.

இரண்டு மூன்று மாதமாகப் பதில் இல்லை என்றால் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. உங்கள் கருத்து எந்த இலக்கத்தில் பதியப்பட்டது, அதற்கு என்ன முடிவு, யார் எடுத்தார்கள் என்று தகவல் உத்தியோகத்தருக்கு எழுதுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும்.

திட்டம் வர்த்தமானியில் வந்ததும், முன்பு தொலைபேசியில் எடுத்த படத்தைத் திறந்து புதிய படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். பூதக்கண்ணாடியை எடுத்து உங்கள் எள்ளைத் தேடுங்கள். முத்திரை போட்ட பிரதியையும் தபால் பற்றுச்சீட்டையும் உறுதி இருக்கிற பைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். என் வீட்டில் அந்தப் பை மூத்தவளின் அலுமாரியில், சேலைகளுக்குக் கீழே இருக்கிறது.