ஸ்ப்ளெண்டருக்கு ஐடிலிங் வைக்கிறது: மலை ஏறி இறங்குற வண்டிக்கு

என் வண்டி 2002 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர். மாமா ஓட்டித் தேய்ச்சு எனக்குக் கொடுத்தது. வீடு சேலம் கன்னங்குறிச்சி, வேலை ஏற்காட்டுல நாகலூர் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்ல கணக்கு எழுதறது. வாரத்துல ஆறு நாள் கோரிமேடு வழியா அடிவாரம் போய் 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறணும், சாயந்தரம் அதே 20-ஐயும் இறங்கணும்.

முதல் வருசம் நான் செஞ்ச கூத்தைச் சொல்லிடறேன். காலையில மேல போய் ஒண்டிக்கடை ரவுண்டானாவுல ஆக்சிலேட்டரை விட்டா வண்டி பொசுக்குனு அணைஞ்சிடும். ஆக்சிலேட்டரைத் தொடாதப்ப இன்ஜின் அணையாம ஓடற வேகம்தான் ஐடிலிங், அதைக் கூட்டிக் குறைக்கிறது ஐடில் ஸ்க்ரூ. உடனே ஓரங்கட்டி அந்த ஸ்க்ரூவை அரைச் சுத்து முறுக்குவேன். சாயந்தரம் இறங்கறப்ப, வளைவுக்கு முன்னாடி ஆக்சிலேட்டரை முழுசா மூடினாலும் வண்டி பின்னால யாரோ தள்ளுற மாதிரி போகும். ஒருநாள் பஸ் ஒண்ணு வளைவை முழுசா அடைச்சுக்கிட்டு ஏறி வருது, என் வண்டி ரெண்டாவது கியர்லயும் வேகம் குறையலை. பிரேக்கைப் போட்டு சுவரோரம் நின்னப்ப தொடை நடுங்குச்சு. அன்னைக்கு அடிவாரத்துல நின்னு ஸ்க்ரூவைத் தளர்த்தினேன். மறுநாள் காலையில மேல போனா பழையபடி அணையுது. இப்படியே முறுக்கித் தளர்த்தி ஸ்க்ரூ தலையில இருந்த வெட்டே மழுங்கிப்போச்சு.

அஸ்தம்பட்டியில எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன் அந்தத் தலையைப் பார்த்துட்டு, "ஏந்தம்பி, காய்ச்சல் அடிச்சா தெர்மாமீட்டரைத் திருகுவியா?"ன்னு கேட்டாரு. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை பக்கத்துல உட்கார வச்சுக் காட்டினாரு. அதைத்தான் இங்க எழுதறேன்.

ஐடில் ஸ்க்ரூ பெரிசா ஒண்ணும் செய்யறதில்லைங்க. காத்தையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பற கார்புரேட்டருக்குள்ள, காத்து போற வழியைத் திறந்து மூட மேலயும் கீழயும் போற ஸ்லைடு முழுசா உட்காராம ஒரு நூல் அளவு தூக்கிப் பிடிக்குது, அவ்வளவுதான். வலப்பக்கம் முறுக்கினா ஸ்லைடு ஏறும், இன்ஜின் வேகம் கூடும். இடப்பக்கம் திருப்பினா குறையும். ஸ்ப்ரிங் போட்ட பெரிய ஸ்க்ரூ அது. இன்னொண்ணு சின்னதா பித்தளையில இருக்கும். அது காத்தும் பெட்ரோலும் கலக்கற அளவைப் பார்த்துக்குது. ரெண்டையும் மாத்தி முறுக்கிட்டு "வண்டி கெட்டுப்போச்சு"ன்னு ஸ்டாண்டு போட்டு நிக்கிறவங்க நிறைய பேரு.

திருப்புளியை எடுக்கறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது நாலஞ்சு இருக்கு. இதுலதான் பாதிப் பேரோட பிரச்சினை தீரும்.

முதல்ல ஆக்சிலேட்டர் கேபிள். இன்ஜின் ஓடிட்டு இருக்கறப்ப ஹேண்டில்பாரை இடது கடைசிக்கும் வலது கடைசிக்கும் திருப்பிப் பாருங்க. சத்தம் ஏறுச்சுன்னா கேபிள் இழுத்துப் பிடிக்குது, இல்லன்னா எங்கேயோ மாட்டிக்கிட்டு இருக்கு. அதைச் சரி பண்ணாம ஐடிலிங் வச்சா வளைவுல ஹேண்டிலை ஒடிக்கிறப்ப வண்டி தானா ரேஸ் ஆகும். ஆக்சிலேட்டர் பிடியில 2-லேர்ந்து 6 மி.மீ. சும்மா சுத்தற இடைவெளி இருக்கணும்.

அடுத்தது சோக், அதாவது ஆறின இன்ஜின் ஸ்டார்ட் ஆகறதுக்காகக் கலவையில பெட்ரோலைக் கூட்டற லீவர். லீவர் பழசாகி பாதியிலயே நின்னுடும், நாம சோக்கை எடுத்தாச்சுன்னு நினைச்சுட்டு இருப்போம். அப்புறம் ஏர் ஃபில்டர். இங்க அடிவாரம் வரைக்கும் லாரித் தூசி, மேல மழைக்காலத்துல ஈரம். ரெண்டும் சேர்ந்தா ஃபில்டர்ல சேறே அப்பிக்கும். பொறி விடற ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிப் பாருங்க. கரி படிஞ்சிருந்தா பெட்ரோல் அதிகம்னு அர்த்தம். பிளக் முனையில பொறி தாவற இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ.

கடைசியா காத்துக் கசிவு. கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல இருக்கற ரப்பர் வளையம் இத்தனை வருசத்துல காஞ்சு கல்லாயிடும். வீட்டுல துணி தேய்க்கத் தெளிக்கிற ஸ்பிரே பாட்டில்ல தண்ணி எடுத்து, இன்ஜின் ஐடில்ல ஓடறப்ப அந்த இணைப்புல மட்டும் லேசா அடிங்க. சத்தம் சட்டுனு மாறுச்சுன்னா அங்க ஓட்டை இருக்கு. சில பேரு இதுக்குப் பெட்ரோல் அடிப்பாங்க. சூடான சைலன்சர் பக்கத்துல பெட்ரோலைத் தெளிக்கிறது எந்த ஊரு புத்தியோ! என் வண்டியில கடைசியில குத்தவாளி இந்த வளையம்தான். விலை ஒரு தட்டுவடை செட்டுக்கு ஆகற காசு.

இனி ஐடிலிங். வண்டியைப் பத்து நிமிசமாவது ஓட்டி நல்லா சூடாக்குங்க. ஆறின இன்ஜின்ல வச்ச ஐடிலிங் சூடானதும் ஏறிடும், இதுதான் எல்லாரும் பண்ற தப்பு. சமதரையில, வெளிக்காத்துல சென்டர் ஸ்டாண்டு போடுங்க. ஷட்டர் மூடின ஷெட்டுக்குள்ள வேண்டாம், புகை ஆளைச் சாய்ச்சிடும். கியர் நியூட்ரல், சோக் ஆஃப்ல இருக்கணும், ஹெட்லைட் அணைச்சிருக்கணும்.

கம்பெனி சொல்ற அளவு நிமிசத்துக்கு 1400 சுத்து (ஆர்பிஎம்), நூறு கூடக் குறைய இருக்கலாம். இந்தப் பழைய ஸ்ப்ளெண்டர்ல ஆர்பிஎம் மீட்டர் கிடையாது. பிளக் ஒயர்ல சுத்தி வச்சுப் பார்க்கற சின்ன மீட்டர் ஒண்ணு வாங்கினேன். மாட்டினதும் 2800 காட்டுச்சு. பதறிப்போய் ஸ்க்ரூவைத் தளர்த்தினேன், தளர்த்தினேன், 2000-க்கு வர்றதுக்குள்ள வண்டி செத்துப்போச்சு. விசயம் என்னன்னா, ஸ்ப்ளெண்டர்ல கிராங்க், அதாவது இன்ஜினோட சுத்தற தண்டு, ஒவ்வொரு சுத்துக்கும் பிளக் ஒரு தடவை பொறி விடும், வேலைக்கு ஆகறது ரெண்டு சுத்துக்கு ஒண்ணுதான். மீட்டரை "ஃபோர் ஸ்ட்ரோக், ரெண்டு சுத்துக்கு ஒரு பொறி"ன்னு வச்சிருந்ததால அது இரட்டிப்பா எண்ணிடுச்சு. சுத்துக்கு ஒரு பொறின்னு மாத்தினதும் சரியாச்சு. மீட்டர் இல்லாதவங்க காதை நம்பலாம்: 1400-ல ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 12 வெடிப்பு. எண்ண முடியாதுதான், ஆனா நல்லா ஓடற இன்னொரு ஸ்ப்ளெண்டரைப் பக்கத்துல நிறுத்திக் கேட்டா பிடிபட்டுடும்.

ஐடில் ஸ்க்ரூவைக் கால் சுத்து திருப்புங்க, பத்து விநாடி பொறுங்க, கேளுங்க. அப்புறம் அடுத்த கால் சுத்து. பொறுக்காம திருகிட்டே போனா எங்க நிக்கிறோம்னு தெரியாது.

வேகம் சரியாகியும் துடிப்பு ஒழுங்கா இல்லன்னா மட்டும் பித்தளை ஸ்க்ரூவைத் தொடுங்க. முதல்ல இன்ஜினை அணைச்சு, மெதுவா உள்ள முறுக்கி எத்தனை சுத்துல உட்காருதுன்னு எண்ணி எழுதி வச்சுக்கோங்க. இறுக்கிடாதீங்க, முனை ஊசி மாதிரி, நசுங்கினா கார்புரேட்டரே போச்சு. எண்ணின இடத்துக்கே திருப்பிக் கொண்டுவந்து, இன்ஜினை ஓட விட்டு, ரெண்டு பக்கமும் கால் கால் சுத்தா நகர்த்தி எங்க வேகம் உச்சமா இருக்கோ அங்க விடுங்க. வேகம் ஏறியிருக்கும், அதை ஐடில் ஸ்க்ரூவால 1400-க்கு இறக்குங்க. இதை ரெண்டு தடவை செஞ்சா போதும். அந்த ஸ்க்ரூ இன்ஜின் பக்கம் இருந்தா வெளிய திருப்பினா பெட்ரோல் கூடும், ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தா வெளிய திருப்பினா காத்து கூடும். எதுவா இருந்தாலும் உச்சம் தேடற முறை ஒண்ணுதான்.

இப்ப ஆக்சிலேட்டரை ஒரு சொடுக்கு கொடுத்து விடுங்க. சத்தம் மேலயே தொங்கி நின்னு மெதுவா இறங்குச்சுன்னா காத்து அதிகம், இல்ல கசிவு. கீழ விழுந்து அணையப் பார்த்து எழுந்தா பெட்ரோல் அதிகம்.

மலைக் கதைக்கு வரேன். சேலம் 300 மீட்டருக்கும் குறைவான உயரம், ஏற்காடு 1500 மீட்டர். மேல காத்தோட அடர்த்தி பத்துல ஒரு பங்கு குறையும். பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாது, அதனால கலவை கெட்டியாகி வேகம் கொஞ்சம் இறங்கும். கசிவு, ஃபில்டர் எல்லாம் சரியா இருந்தா இந்த இறக்கம் வண்டியை அணைக்கற அளவுக்கு இருக்காது. நான் கீழ, சூடான இன்ஜின்ல 1450 வைக்கிறேன். மேல அது கொஞ்சம் குறைஞ்சாலும் சொன்ன அளவுக்குள்ள நிக்குது, இறங்கறப்ப வண்டியும் தள்ளலை. மலையை நினைச்சு 2000-க்கு ஏத்தி வைக்காதீங்க. ஆக்சிலேட்டரை மூடினா இன்ஜின் பிடிச்சு நிறுத்தற பலம் போயிடும், அந்த வேலை முழுக்க பிரேக் ஷூ தலையில விழும். 20 வளைவு இறங்கி முடிக்கிறப்ப பிரேக் டிரம் கொதிக்கும்.

மார்கழி, தையில மேல காலையில ஸ்டார்ட் பண்ணினதும் ஒரு நிமிசம் முனகும். அதுக்குச் சோக் இருக்கு, ஸ்க்ரூவைத் தொடாதீங்க.

எல்லாம் முடிஞ்சதும் ஸ்க்ரூ தலையிலயும் பக்கத்து உலோகத்துலயும் ஒரே கோடா நெயில் பாலிஷ் வச்சேன். வீட்டுல இருந்த சிவப்பு. வண்டியை வேற எங்கயாவது சர்வீஸுக்கு விட்டு வாங்கறப்ப அந்தக் கோடு விலகியிருக்கான்னு முதல்ல குனிஞ்சு பார்த்துட்டுத்தான் காசு கொடுக்கறேன்.