படித்த பாடத்தைச் சட்டகமாகவும் படமாகவும் மாற்றிப் புரிந்துகொள்வது எப்படி?

ஒரு பாடத்தை இரண்டு முறை வாசித்து, முக்கியமான வரிகளுக்கு அடிக்கோடிட்டு, எல்லாம் விளங்கிவிட்டது என்ற நிறைவோடு புத்தகத்தை மூடுகிறோம். அதில் என்ன சொல்லியிருந்தது என்று ஒருவர் கேட்டால், நாலு வாக்கியம் கோவையாக வருவதில்லை. திரும்பத் திரும்ப வாசிக்கையில் வாக்கியங்கள் கண்ணுக்குப் பழகிவிடுகின்றன. அந்தப் பழக்கத்தையே புரிதல் என்று எடுத்துக்கொள்கிறோம். குறிப்புச்சட்டகமும் விளக்கப்படமும் இந்த மயக்கத்தைக் கலைப்பவை. எந்தக் கருத்து எதற்குள் அடங்கும் என்பதைச் சட்டகம் காட்டும். எது எதைப் பாதிக்கிறது என்பதைப் படம் காட்டும்.

இரண்டு வெள்ளைத்தாள், பென்சில், அழிப்பான், வேறு நிறப் பேனா ஒன்று போதும். படம் வரையும் செயலிகள் தொடக்கத்தில் வேண்டாம் என்பது என் கருத்து. பெட்டிக்கு என்ன நிறம் கொடுப்பது என்ற யோசனையிலேயே அரை மணி நேரம் ஓடிவிடும்.

பழகுவதற்கு இந்தச் சிறு பத்தியை எடுத்துக்கொள்வோம்:

"உணவு உண்டபின் இரத்தத்தில் குளுக்கோஸ் அளவு உயர்கிறது. அதை உணரும் கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. அதன் தூண்டுதலால் தசைச் செல்களும் கொழுப்புச் செல்களும் குளுக்கோஸை எடுத்துக்கொள்கின்றன. கல்லீரல் அதைக் கிளைகோஜனாக மாற்றிச் சேமிக்கிறது. உணவில்லாத நேரத்தில் குளுக்கோஸ் குறையும்போது கணையத்தின் ஆல்ஃபா செல்கள் குளுக்ககானைச் சுரக்கின்றன. அது கல்லீரலிலுள்ள கிளைகோஜன் சிதைந்து குளுக்கோஸ் இரத்தத்தில் கலக்கும்படி செய்கிறது."

படி 1: தலைப்பைக் கேள்வியாக்குங்கள்

வாசிக்கத் தொடங்குமுன் தலைப்பையும் உட்தலைப்புகளையும் மட்டும் பார்த்து, அவற்றைக் கேள்விகளாக மாற்றிக்கொள்ளுங்கள். பிரான்சிஸ் ராபின்சன் 1946இல் வெளியிட்ட வாசிப்பு முறையிலும், மேலோட்டமாகப் பார்த்த பிறகு வரும் வேலை கேள்வி கேட்பதுதான். நம் பத்திக்கான கேள்வி: "இரத்தத்தில் குளுக்கோஸ் அளவு எப்படிச் சீராக இருக்கிறது?" இதைத் தாளின் உச்சியில் எழுதுங்கள்.

படி 2: குறிப்புச்சட்டகம் எழுதுங்கள்

1. குளுக்கோஸ் உயர்ந்தால் உடல் அதைக் குறைக்கிறது.
   அ. பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கின்றன.
   ஆ. தசையும் கொழுப்பும் குளுக்கோஸை எடுத்துக்கொள்கின்றன.
   இ. கல்லீரல் அதைக் கிளைகோஜனாகச் சேமிக்கிறது.
2. குளுக்கோஸ் குறைந்தால் உடல் அதை உயர்த்துகிறது.
   அ. ஆல்ஃபா செல்கள் குளுக்ககானைச் சுரக்கின்றன.
   ஆ. கல்லீரல் சேமிப்பிலிருந்து குளுக்கோஸை வெளிவிடுகிறது.

1, 2 என்ற மேல்வரிகள் பத்தியில் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவற்றை நாமே கண்டுபிடித்து எழுதினோம். சட்டகம் எழுதுவதில் உண்மையான வேலை அதுதான். புதியவர்கள் பெரும்பாலும் "இன்சுலின்", "குளுக்ககான்" என்று ஒற்றைச் சொல்லைத் தலைப்பாக வைத்துவிடுகிறார்கள். ஒற்றைச் சொல் எதையும் உறுதியாகச் சொல்வதில்லை. ஆகவே அது தவறாக இருக்கவும் வழியில்லை. முழு வாக்கியமாக எழுதினால்தான் பிழை வெளிப்படும். உள்வரி ஒவ்வொன்றும் மேல்வரியைப் பார்த்து "எப்படி?" அல்லது "ஏன்?" என்று கேட்டால் கிடைக்கும் பதிலாக அமைகிறதா என்றும் சோதித்துப் பாருங்கள்.

படி 3: எந்த வகைப் படம் என்று முடிவுசெய்யுங்கள்

பத்தியின் இயல்பே இதைச் சொல்லிவிடும். இரண்டு பொருள்களை ஒப்பிடும் பத்திக்கு அட்டவணை. வகைபிரிக்கும் பத்திக்குக் கிளைகள் விரியும் மரம். பொதுப்பண்புகளும் தனிப்பண்புகளும் கலந்து வந்தால், ஜான் வென் 1880இல் விளக்கியது போன்ற ஒன்றையொன்று வெட்டும் வட்டங்கள். காரணமும் விளைவும் தொடர்ந்தால் பெட்டிகளும் அம்புக்குறிகளும். நம்முடையது கடைசி வகை.

படி 4: அம்புக்குறியின்மேல் சொல் எழுதுங்கள்

கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக்கும் அவருடைய குழுவினரும் 1972 வாக்கில் உருவாக்கிய கருத்து வரைபடத்தின் சிறப்பு, பெட்டிகளை இணைக்கும் கோட்டின்மேல் ஓர் இணைப்புச் சொல் இருக்கும் என்பதே. வெறும் கோடு, இரண்டிற்கும் ஏதோ தொடர்பு உண்டு என்பதோடு நின்றுவிடும். "தூண்டுகிறது", "குறைக்கிறது", "ஆக மாறுகிறது" என்று எழுத முனையும்போதுதான் நமக்குத் தெரியாதது பிடிபடும்.

குளுக்கோஸ் உயர்வு —தூண்டுகிறது→ பீட்டா செல்கள் —சுரக்கின்றன→ இன்சுலின் —சேமிக்கச் செய்கிறது→ கல்லீரல்

இதற்குக் கீழே குளுக்ககான் பாதையை வரையும்போது, அதுவும் அதே கல்லீரல் பெட்டிக்கே வந்து சேர்கிறது. சட்டகத்தில் கல்லீரல் இரண்டு இடங்களில் பிரிந்து கிடந்தது. படத்தில் அது ஒரே பெட்டி, இரண்டு எதிரெதிர்க் கட்டளைகளைப் பெறும் இடம். அடுத்து, "குளுக்கோஸ் குறைகிறது" என்ற பெட்டியிலிருந்து பீட்டா செல்களுக்கு ஓர் அம்பு போக வேண்டாமா என்ற கேள்வி எழும். போகத்தான் வேண்டும்: குளுக்கோஸ் இறங்கியதும் இன்சுலின் சுரப்பும் குறைகிறது. பத்தி இதைச் சொல்லாமல் விட்டிருந்தது. வாசித்துக்கொண்டே போனபோது அந்த இடைவெளி நம் கண்ணில் படவில்லை. அந்த அம்பை வரைந்ததும் நேர்கோடாக இருந்த படம் ஒரு சுழற்சியாகிவிடுகிறது.

படி 5: புத்தகத்தை மூடிவிட்டு மறுபடி வரையுங்கள்

பலர் தவிர்க்கும் படி இது. நான் விடவே கூடாது என்று சொல்லும் படியும் இதுதான். ஜெஃப்ரி கார்பிக்கியும் ஜேனல் பிளண்ட்டும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தைக் கண்முன் வைத்துக்கொண்டு கருத்து வரைபடம் வரைந்த மாணவர்களைவிட, பாடத்தை வாசித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரத்திற்குப் பிறகு நடந்த தேர்வில் மேலாகச் செய்தார்கள். படம் வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. பார்த்து வரைவதோடு நிற்காமல், முதல் தாளைக் கவிழ்த்துவைத்துவிட்டு இரண்டாவது தாளில் நினைவிலிருந்து வரையுங்கள். பிறகு பாடத்தைத் திறந்து, விடுபட்ட பெட்டியையும் தவறிய அம்பையும் வேறு நிறப் பேனாவால் திருத்துங்கள். அந்த நிறம் விழுந்த இடங்களை மட்டும் மறுநாள் திரும்ப வாசித்தால் போதும்.

ஒரு தாளில் பெட்டிகள் பத்துப் பன்னிரண்டைத் தாண்டினால், அம்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிப் படமே புதிராகிவிடும். அப்போது ஒரு பெட்டியை மட்டும் எடுத்து, அதற்கெனத் தனித்தாள் ஒன்றைத் தொடங்குங்கள்.