கூத்துப் பிரதியின் இடைவெளி கெடாமல் இணையப் பக்கமாக்குதல்

மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடி என்னும் இருவகை நாட்டுக்கூத்துகளைக் கொப்பியிலிருந்து எளிய உரைக்கோப்பாகத் தட்டெழுதும்போது, வசனத்தை ஓரத்திலும், தருவை (கூத்துப் பாடலை) நான்கு இடைவெளி உள்ளேயும், தாளக்கட்டை (தாளச் சொற்கோவையை) அதற்கும் உள்ளேயும் அமைப்பது வசதியானது. ஆனால் அந்தக் கோப்பை அப்படியே எச்.டி.எம்.எல். (இணையப் பக்கங்களை எழுதும் குறிமொழி) பக்கத்தில் இட்டால், தொடர்ந்து வரும் இடைவெளிகளையும் டேப்களையும் வரிமுறிவுகளையும் உலாவி ஒற்றை இடைவெளியாகச் சுருக்கிவிடும். தாளக்கட்டில் சொற்களுக்கு நடுவே விட்ட இடமும் பாடுவோருக்கு வேண்டியது என்பதால், அதை இழக்க விடக்கூடாது.

முதலில் கோப்பை யூ.டி.எஃப்-8 எழுத்துக் குறிமுறையில் சேமித்து, பக்கத்தின் தலைப்பகுதியிலும் அதையே அறிவியுங்கள். அடுத்து, உரையிலுள்ள & குறியை முதலிலும், < மற்றும் > குறிகளைப் பின்னரும் அவற்றுக்குரிய மாற்றுக்குறியீடுகளாக மாற்றுங்கள்; வரிசை பிறழ்ந்தால், புதிதாக உருவான குறியீடுகளுக்குள் இருக்கும் & மறுபடியும் மாற்றப்பட்டுப் பக்கம் சிதைந்துவிடும். உலாவி ஒரு டேப்பை வழக்கமாக 8 இடைவெளி அகலமாகக் காட்டுவதால், டேப்களை முன்கூட்டியே நான்கு இடைவெளிகளாக்கிவிடுவது நல்லது.

இனி, உரை முழுவதையும் ‘பிரீ’ (pre) டேக்கினுள் வைக்கலாம். இடைவெளியும் வரியும் அப்படியே நிற்கும். எனினும் நீண்ட வசனம் மடங்காமல் கைபேசித் திரைக்கு வெளியே ஓடும். ஆகவே பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ்.இல் ‘வைட்-ஸ்பேஸ்’ (white-space) பண்புக்கு ‘பிரீ-ராப்’ (pre-wrap) என்ற மதிப்பைக் கொடுப்பதையே நான் பரிந்துரைப்பேன். ‘பிரீ-லைன்’ (pre-line) என்ற மதிப்பு வரிகளைக் காத்தாலும் உள்தள்ளலை அழித்துவிடுவதால் கூத்துக்கு உதவாது. முறியா இடைவெளிகளை (அந்த இடத்தில் வரி முறியவிடாத சிறப்பு இடைவெளிக் குறிகளை) வரிசையாக நிரப்பும் பழக்கத்தையும் தவிருங்கள். அவை வரி இயல்பாக மடங்குவதைத் தடுப்பதோடு, நகலெடுப்பவரின் கோப்பிலும் சாதாரண இடைவெளிபோலத் தோன்றி ஒளிந்திருக்கும்.

‘பிரீ-ராப்’பிலும் மடங்கிய வரியின் மீதிப் பகுதி உள்தள்ளலின்றி ஓரத்திலிருந்தே தொடங்கும். தருவின் அடிகள் நீளமாயின், ஒவ்வோர் அடியையும் தனிக் கூறாக்கி, முன்னிடைவெளிகளை நீக்கி, அவற்றின் எண்ணிக்கைக்கேற்ப இடப்பக்க ஓரவெளியைச் சி.எஸ்.எஸ். மூலம் கொடுங்கள். மடங்கும் பகுதியும் அப்போது தருவுக்கு நேரே நிற்கும்.

தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றுபோல இராது. ‘ர’வும் ‘ணௌ’வும் ஒரே இடத்தைப் பிடிப்பதில்லை. எனவே பாத்திரப் பெயரையும் நடிகர் பெயரையும் இடைவெளிகளால் நிரைப்படுத்த முயலாமல், அந்தப் பகுதிக்கு மட்டும் அட்டவணை அமையுங்கள்.

பக்கத்தின் வார்ப்புருவுக்குள் (முன்பே அமைத்த நிரல் சட்டகத்துக்குள்) உரையை ஒட்டும்போது, அதன் வரிகளை நிரலின் உள்தள்ளலுக்கேற்ப நகர்த்தாதீர்கள். அந்த இடைவெளிகளும் பிரதியின் பகுதியாகவே திரையில் தெரியும். நிரலை ஒழுங்குபடுத்தும் கருவிகள் இதைத் தாமாகவே செய்யக்கூடும் என்பதால், ஏற்றுமதிக்குப் பின் முதல் தருவை மூலக்கோப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.