பித்தளை சாடில் போட்டால் கிட்டார் சத்தம் மாறுமா? ஒரே ஒரு கம்பியில் சோதித்துப் பார்ப்போம்

கோவை கணபதியில் எனக்குப் பழக்கமான லேத் பட்டறை ஒன்று இருக்கிறது. மோட்டார் ஷாஃப்ட் கடைவதுதான் அங்கே வேலை. போன வருடம் கையில் ஒரு கிட்டார் சாடிலோடு, அதாவது கம்பி உட்காரும் சின்ன உலோகத் துண்டோடு, அங்கே போய் நின்றேன். ஆன்லைனில் பித்தளை என்று சொல்லி விற்ற ஆறில், இந்த ஒன்றுக்கு மட்டும் ஸ்க்ரூ துளை பொருந்தவில்லை. பட்டறை அண்ணன் அதைத் திருப்பி, அடிப்பக்கம் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தார். மஞ்சள் போய்ச் சாம்பல் தெரிந்தது. "இது பித்தளை இல்லீங்க தம்பி. ஜிங்க்ல வார்த்து மேல முலாம் போட்டிருக்காங்க."

மீதி ஐந்தையும் ஒரு வாரம் வாசித்துவிட்டு, "பித்தளைச் சத்தமே தனி" என்று நண்பர்களிடம் நான் பீற்றிக்கொண்டிருந்ததை அவரிடம் சொல்லவில்லை.

அதனால் இந்தச் செய்முறையில் காதை நம்பாமல் ரெக்கார்டிங்கை நம்புவோம். ஆறையும் மாற்ற வேண்டாம், மூன்றாவது கம்பிக்கு மட்டும் மாற்றிப் பார்க்கலாம். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டார் இதற்குத் தோது. அதில் கம்பிக்கு ஒன்றாக ஆறு சாடில் தனித்தனியே இருக்கும்.

முதலில் சாடில் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். கிட்டார் உடலில் கம்பிகளைத் தாங்கும் பகுதி பிரிட்ஜ். அதன் மேல்தான் சாடில் இருக்கும். கம்பியின் அதிர்வு அங்கே போய் முட்டித் திரும்புகிறது. முட்டும் இடம் கெட்டியாக இருந்தால் அதிர்வு பெரும்பாலும் கம்பிக்கே திரும்பும். மெத்தென்று இருந்தால் மேல்சுரங்களின் கூர்மையைக் கொஞ்சம் விழுங்கிவிடும். எலக்ட்ரிக் கிட்டாரில் கம்பிக்கு அடியிலுள்ள பிக்கப் (காந்த உணரி) கேட்பது கம்பியின் அசைவை மட்டும்தான், சாடிலின் சத்தத்தை அல்ல. ஆகவே பித்தளையோ ஸ்டீலோ, கம்பி அசையும் விதத்தை மாற்றுகிற அளவுக்குத்தான் வித்தியாசம் தெரியும். அது சின்ன வித்தியாசம். பழைய கம்பியைக் கழற்றிப் புதுசு போட்டால் இதைவிடப் பெரிய மாற்றம் கேட்கும்.

எடையையும் கவனியுங்கள். ஒரு கன சென்டிமீட்டர் பித்தளை ஏறத்தாழ 8.5 கிராம், ஸ்டீல் 7.8, ஜிங்க் கலவை 6.6, டைட்டானியம் 4.5, அலுமினியம் 2.7. பித்தளை கனமானது, ஆனால் ஸ்டீல் அளவுக்கு விறைப்பு கிடையாது. 1950களின் தொடக்கத்தில் வந்த டெலிகாஸ்டர் கிட்டாரில் மூன்று பித்தளை உருளைகள்தான் சாடில். ஓர் உருளைக்கு இரண்டு கம்பி. 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஸ்டீல் தகட்டை வளைத்துச் செய்தார்கள். 1960களில் கிப்சன் நிறுவனம் சில பிரிட்ஜ்களில் நைலான் சாடில்கூடப் போட்டது. விலை குறைந்த கிட்டார்களில் பெரும்பாலும் ஜிங்க் வார்ப்புதான் இருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: இருப்பது என்ன உலோகம்?

சாடிலில் ஒரு சின்னக் காந்தத்தை வையுங்கள். நன்றாக ஒட்டினால் ஸ்டீல். ஒட்டாவிட்டால் ஜிங்க், பித்தளை, சிலவகை எவர்சில்வர், இவற்றில் ஏதாவது ஒன்று. கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தை லேசாகச் சுரண்டினால் மீதி விளங்கிவிடும். காந்தத்தைப் பிக்கப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

படி 2: அளவு எடுங்கள்

முதல் கம்பியின் நடுவிலிருந்து ஆறாவது கம்பியின் நடுவு வரை சாடில் மேல் அளந்தால், பழைய பாணி பிரிட்ஜில் சுமார் 56 மில்லிமீட்டர் வரும், புதிய பாணியில் சுமார் 52.5. பழையதற்கான சாடில் புதியதில் நெருக்கியடித்து நிற்கும். சாடிலின் உயரத்தை மாற்றும் ஸ்க்ரூவுக்குப் பெரும்பாலும் 1.5 மில்லிமீட்டர் ஆலன் கீ போதும். அமெரிக்க மாடலில் 0.05 அங்குலம் வரும். பொருந்தாத கீயைத் திணித்தால் ஸ்க்ரூ தலை வழுக்கிவிடும்.

படி 3: மாற்றுமுன் ரெக்கார்டிங்

ஒரே பிராண்டில், ஒரே தடிமனில் மூன்றாவது கம்பி இரண்டு வாங்குங்கள். முதலாவதை இப்போது மாட்டி, இழுத்துவிட்டு, சுருதி நிற்கும்வரை திரும்பத் திரும்ப ட்யூன் செய்யுங்கள். இன்னொன்று சாடில் மாற்றிய பிறகு. கழற்றிய கம்பியையே திரும்ப மாட்டினால், சாடிலில் பழைய மடிப்பு வேறு இடத்தில் உட்கார்ந்து சோதனையைக் கெடுக்கும்.

ஆம்ப் வேண்டாம், கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில் நேராகச் செருகுங்கள். வால்யூம், டோன் இரண்டும் முழுதாக. திறந்த கம்பி, 5ஆம் ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு), 12ஆம் ஃப்ரெட், ஒவ்வொன்றையும் பத்து முறை ஒரே இடத்தில், ஒரே பிக்கால் மீட்டுங்கள். ஒருமுறை மட்டும் மீட்டினால், நீங்கள் கேட்பது சாடிலையா, உங்கள் கை அழுத்தத்தையா என்று பிரிக்க முடியாது.

படி 4: உயரத்தைக் குறியுங்கள்

அவசரப்படுகிறவர்கள் கோட்டை விடும் இடம் இதுதான். புது சாடில் அரை மில்லிமீட்டர் தாழ்ந்து உட்கார்ந்தாலும் கம்பி பிக்கப்புக்கு நெருங்கிவிடும், சத்தம் கூடும். சத்தம் கூடினால் காதுக்கு அது நல்ல டோனாகத் தெரியும். "பித்தளை கனமாகப் பேசுகிறது" என்று சொல்பவர்களில் பாதிப் பேர் கேட்டது இதைத்தான் என்பது என் சந்தேகம். அதனால் 12ஆம் ஃப்ரெட் மேல் கம்பியின் அடிவிளிம்பு எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது என்று ஸ்கேலில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகும் அதே அளவு வர வேண்டும். செல்போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

படி 5: கழற்றி மாட்டுங்கள்

மேசையில் வெள்ளைத் துண்டு விரியுங்கள். ட்ரெமோலோ பிரிட்ஜ் (கைப்பிடியால் ஆட்டக்கூடியது) என்றால், கம்பியைத் தளர்த்துமுன் அதன் பின்விளிம்புக்கும் கிட்டார் உடலுக்கும் நடுவே அட்டையை மடித்துச் செருகுங்கள். இல்லாவிட்டால் பிரிட்ஜ் சாய்ந்து மற்ற ஐந்து கம்பிகளும் சுருதி விட்டுவிடும். பின்பக்கமுள்ள ஸ்டார் ஸ்க்ரூவைக் கழற்றும்போது சாடிலுக்குப் பின்னால் ஒரு ஸ்ப்ரிங் இருக்கும். விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். என்னுடையது ஒன்று பீரோவுக்கு அடியில் போய் இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது.

புது சாடிலில் கம்பி உட்காரும் இடத்தை நகத்தால் தடவுங்கள். பிசிறு இருந்தால் 1000 நம்பர் எமரித்தாளால் நாலு முறை தேய்த்துவிடுங்கள். கம்பி அடிக்கடி அறுவதற்கும், சிதார் போல ரீங்கரிப்பதற்கும் பல நேரம் உலோகம் காரணமே இல்லை, இந்தப் பிசிறுதான்.

மாட்டியதும் உயரத்தை அளந்து சரிசெய்யுங்கள். அப்புறம் 12ஆம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் சுரம்), அழுத்திய சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறியிருந்தால் சாடிலைப் பின்னுக்கு இழுங்கள், இறங்கியிருந்தால் முன்னுக்கு நகர்த்துங்கள்.

படி 6: கேட்டுப் பாருங்கள்

அதே முப்பது மீட்டல்களைப் பதிவு செய்து, இரண்டு ரெக்கார்டிங்கின் சத்த அளவையும் சமமாக்குங்கள். எது எதென்று சொல்லாமல் வேறு யாரையாவது ஓட்டச் சொல்லுங்கள்.

பட்டறையில் கடைந்து வாங்கிய அசல் பித்தளையை எனக்கு இப்படிப் போட்டுக் காட்டியபோது, ஆம்ப் இல்லாமல் வித்தியாசம் தெரிந்தது: மீட்டிய கணத்தின் 'டிக்' ஜிங்க்கைவிடக் கொஞ்சம் மழுங்கி, சுரம் உருண்டையாக வந்தது. சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்டதும் எது எதென்று என்னால் சொல்ல முடியவில்லை. கிளீன் டோனில் வாசிப்பவருக்கு இது செலவுக்கு ஏற்ற மாற்றம். மெட்டல் வாசிப்பவர் அந்தக் காசில் நான்கு செட் கம்பி வாங்கலாம். கம்பி அடிக்கடி அறுகிறவர்களுக்கு கிராஃபைட் கலந்த வழுவழுப்பான சாடில்தான் என் சிபாரிசு, கூர்மை சற்றே குறைந்தாலும்.

பித்தளையே வைத்துக்கொள்வதானால், வேர்வை பட்டு ஒரே மாதத்தில் கறுக்கும். பொங்கலுக்குச் செம்பு துலக்குவது போலப் புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். புளி துளைக்குள் தங்கினால் ஸ்டீல் ஸ்க்ரூ துருப்பிடித்து இறுகிக்கொள்ளும். வாசித்து முடித்ததும் காய்ந்த பனியன் துணியால் ஒரு துடைப்பு போதும்.