ஒரு துல்பாவை இரண்டு பேர் பகிர்ந்துகொள்வது எப்படி?

துல்பா என்பது நாம் கற்பனையில் படைத்து, தனி ஆளாகப் பாவித்துப் பேசிப் பழகும் மனத் துணை. உங்கள் மனசில் வளர்ந்த துல்பா கிளம்பிப் போய் இன்னொருவர் மனசில் குடியேறாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் அந்த நம்பிக்கையோடுதான் என்னிடம் கேட்கிறார்கள். ஆனால் இரண்டு பேர் ஒரே ஆளோடு பழக முடியும். நானும் என் தோழியும் அப்படித்தான் என் துல்பா மீனாளோடு பழகுகிறோம்.

இதற்கு நல்ல முன்னுதாரணம் 1972இல் டொராண்டோவில் தொடங்கிய பிலிப் சோதனை. அமானுஷ்ய ஆய்வாளர் ஏ.ஆர்.ஜி. ஓவன் வழிகாட்ட, எட்டுப் பேர் சேர்ந்து பிலிப் என்ற 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பிரபுவைக் கற்பனையில் படைத்தார்கள். மனைவி, காதலி, மாளிகை, சாவு என்று அவருக்கு முழு வாழ்க்கையும் எழுதி, எட்டுப் பேரும் மனப்பாடம் செய்தார்கள். நாமும் எழுத்தில்தான் தொடங்க வேண்டும்.

முகம், உடை பற்றி நாலு வரி போதும். குணத்தைத்தான் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். மீனாளைப் பற்றி நான் எழுதிக் கொடுத்ததில் சில: பதில் சொல்வதற்கு முன் இடது காது ஜிமிக்கியைத் தொடுவாள். யாராவது தன்னைத் தானே திட்டிக்கொண்டால் பேச்சை நிறுத்திவிடுவாள், சமாதானம் சொல்ல மாட்டாள். அவசரமாகக் கேட்டால் பதில் வராது. இப்படி எழுதினால்தான் புது மனசில் அவளுக்குக் காலூன்ற இடம் கிடைக்கும். எழுதும் முன் உங்கள் துல்பாவிடம் சம்மதம் கேளுங்கள், நான் கேட்டேன்.

அடுத்து, தோழி தினமும் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்து அவளிடம் பேச வேண்டும். பதிலை வலிந்து வரவழைக்கக் கூடாது, நடந்ததைத் தனி நோட்டில் குறித்துவைக்க வேண்டும். நடுவில் புகுந்து “மீனாள் அப்படிச் சொல்லவே மாட்டாளே” என்று திருத்தாதீர்கள். என் மீனாள் அமைதி. தோழியிடம் அவள் வாயாடி. இருவரும் ஒரே வீட்டுப் பெண்கள் மாதிரி, சாயல் ஒன்று, சுபாவம் வேறு.

சேர்ந்து உட்காரும்போது வாய்விட்டுப் பேசுங்கள். பிலிப்பை வரவழைக்க டொராண்டோ குழு ஓராண்டு போல மௌனமாகத் தியானம் செய்தும் ஒன்றும் நடக்கவில்லை. பாட்டும் அரட்டையுமாக இறுக்கம் தளர்ந்த பிறகுதான் மேஜையில் தட்டும் சத்தம் வந்தது; ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. மேஜைமேல் இருந்தது அவர்கள் கைகளேதான், பிலிப்பின் பதில்களும் குழுவுக்குத் தெரிந்ததைத் தாண்டவில்லை.

இரண்டு மனசிலும் இருப்பது ஒரே ஆள்தானோ என்று உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் ஒரு சொல்லை எழுதி உறையில் போட்டு ஒட்டி, அதை உங்கள் துல்பாவிடம் மட்டும் சொல்லுங்கள். தோழி தன் துல்பாவிடம் கேட்கட்டும். எங்களுக்கு அந்தச் சொல் போய்ச் சேரவில்லை. அதனால் மீனாள்மேல் இருந்த பிரியம் துளியும் குறையவில்லை.

நிறுத்துவது எப்படி என்பதைத் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். திபெத்தில் தான் மனசால் உருவாக்கிய துறவி கையை மீறிப் போனதாகவும், கரைக்க ஆறு மாதம் போராடியதாகவும் பிரெஞ்சுப் பயண எழுத்தாளர் அலெக்சாண்ட்ரா டேவிட்-நீல் எழுதியிருக்கிறார். இருவரில் யார் வேண்டாம் என்றாலும் அன்றே நிறுத்துங்கள். அழைக்காத குரல் கட்டளை இட்டாலோ, தூக்கம் கெட்டாலோ, பயிற்சியை விட்டுவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். மனநோய்க்கு ஏற்கெனவே சிகிச்சை எடுப்பவரிடம் இதைக் கொண்டுபோகவே வேண்டாம்.