மாமாவின் புகையிலை டப்பாவும் சிங்கப்பூர் குடிநுழைவும்

சிங்கப்பூரில் செங்காங்கில் இருக்கும் எங்கள் வீட்டு மூன்றாவது அறை வருஷத்தில் பாதி நாள் காலியாக இருக்காது. அம்மா அப்பா கிளம்பினால் அத்தை மாமா வருவார்கள், அவர்கள் போனால் பட்டுக்கோட்டையிலிருந்து சித்தப்பா குடும்பம். ஒவ்வொரு முறையும் வாட்ஸாப்பில் அதே கேள்விகள், அதே பதில்கள். இனிமேல் இதையே அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

எல்லோரும் விசாவை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் திண்டாடியதெல்லாம் பெரும்பாலும் பெட்டியால்தான். அதனால் விசாவைச் சீக்கிரம் முடித்துவிட்டு அங்கே போகிறேன்.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விசா கட்டாயம். இலங்கை பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை. ஆனால் கீழே சொல்லும் மற்றதெல்லாம் அவர்களுக்கும் உண்டு. பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். விசாவுக்கு இரண்டு வழி. ஊரில் அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் மூலம் விண்ணப்பிக்கலாம். அல்லது இங்கே இருக்கும் குடிமகனோ நிரந்தரவாசியோ, 21 வயது நிரம்பியவர், சிங்பாஸில் (இங்கே அரசு இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) நுழைந்து உங்களுக்காக விண்ணப்பிக்கலாம். கட்டணம் 30 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். விசா கிடைக்காவிட்டாலும் அது திரும்பி வராது. ஏஜென்ட் தன் கூலியைத் தனியாகப் போட்டுக்கொள்வார். வரும் தேதிக்கு முந்தைய 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மூன்று வேலை நாளில் முடிந்துவிடும் என்பது கணக்கு. நான் இரண்டு வாரமாவது கையில் வைத்துக்கொள்வேன். போட்டோ மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக, வெள்ளைப் பின்னணியில் இருக்க வேண்டும். சித்தப்பா தன் மகள் கல்யாணத்தில் எடுத்த போட்டோவை வெட்டி அனுப்பினார். அந்த மகளின் குழந்தைக்கே இப்போது காதுகுத்து.

விசாவில் ஒரே ஒரு இடம் நம்மவர்களுக்கு வில்லங்கம்: பெயர். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. மாமாவின் பாஸ்போர்ட்டில் அவர் பெயர் ஒரு வரியிலும் அவருடைய அப்பா பெயர் இன்னொரு வரியிலும் முழுசாக இருக்கிறது. ஏஜென்ட் ஆதாரைப் பார்த்து இனிஷியலோடு அடித்துவிட்டார். விசா வந்த பிறகுதான் கவனித்தோம். மறுபடி விண்ணப்பம், மறுபடி 30 வெள்ளி. அதற்குப் பிறகு நான் விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் பார்க்கிறேன். விமான டிக்கெட்டிலும் அதே பெயர்தான் இருக்க வேண்டும்.

விசா மின்னஞ்சலில் வரும். அதில் போட்டிருக்கும் கடைசித் தேதியை, அதுவரை இங்கே தங்கலாம் என்று அர்த்தம் செய்துகொள்ளாதீர்கள். அந்தத் தேதிக்குள் வந்து இறங்கலாம், அவ்வளவுதான். எத்தனை நாள் தங்கலாம் என்பதைச் சாங்கி விமான நிலையத்தில் இறங்கும்போதுதான் முடிவு செய்வார்கள். முன்பு பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார்கள். இப்போது அது இல்லை. எந்தத் தேதி வரை தங்கலாம் என்ற சீட்டு மின்னஞ்சலுக்கு வந்துவிடும்.

அந்த மின்னஞ்சல் எது? வருவதற்கு முன் இணையத்தில் நிரப்பும் வருகை அட்டையில் நீங்கள் கொடுத்த முகவரி. இங்கேதான் பெரியவர்கள் விஷயத்தில் கோட்டை விடுகிறோம். அத்தை முதல் தடவை வந்தபோது அட்டையை நிரப்பிக் கொடுத்த பிரவுசிங் சென்டர் பையன் ஏதோ ஒரு முகவரியைப் போட்டுவிட்டான். எத்தனை நாள் அனுமதி என்று தெரியாமல் நாங்கள் ஒரு நாள் முழுக்க முழித்தோம். உங்கள் மகனோ மகளோ தினமும் பார்க்கும் முகவரியைக் கொடுங்கள். சீட்டு வந்ததும் தேதியை நாள்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். அதற்கு மேல் தங்கினால் அது குற்றம். ஒரு நாள்தானே என்ற பேச்சு எடுபடாது.

வருகை அட்டை விசா இல்லை, விசா இருப்பவர்களும் நிரப்ப வேண்டும். குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் இணையதளத்திலோ அவர்களுடைய செயலியிலோ இலவசமாகச் செய்யலாம். வந்து இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை இறங்கினால் புதன்கிழமையிலிருந்து. கூகுளில் தேடினால் இதற்கே பணம் கேட்கும் தளங்கள் மேலே வந்து நிற்கும். பணம் கேட்டால் அது தவறான இடம், மூடிவிட்டு வெளியே வாருங்கள்.

திருச்சியிலிருந்து நாலரை மணி நேரம் பறந்து விடியற்காலை இறங்குகிறவர்களுக்குத் தூக்கக் கலக்கம் வேறு. கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் நகர்த்திக்கொள்ளுங்கள். சாங்கியில் இப்போது வெளிநாட்டுப் பயணிகளும் தானியங்கி வழியில் போகலாம்; பாஸ்போர்ட்டை வைத்தால் கதவு திறக்கும், அப்புறம் முகம், கண், கட்டைவிரல். ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளோடு வந்தால் ஆள் இருக்கும் முகப்புக்குப் போக வேண்டும். அப்பாவுக்கு வயல் வேலை செய்து செய்து ரேகை தேய்ந்துவிட்டது, கதவு ஒவ்வொரு முறையும் அடம்பிடிக்கும். அங்கே நிற்கும் அதிகாரி கையைக் காட்டி முகப்புக்கு அனுப்பிவிடுவார். இதில் பயப்பட ஒன்றும் இல்லை. எங்கே தங்குகிறீர்கள், எத்தனை நாள் என்று கேட்பார்கள். எங்கள் பிளாக் எண், மாடி, வீட்டு எண், என் கைபேசி எண் எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதி அப்பாவின் சட்டைப்பையில் வைக்கச் சொல்லிவிடுவேன். திரும்பிப் போகும் டிக்கெட்டின் அச்சுப்பிரதியும் அதோடு.

இனி பெட்டி.

மாமாவுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு கிள்ளு பன்னீர்ப் புகையிலை. நாற்பது வருஷப் பழக்கம். சிங்கப்பூரில் மெல்லும் புகையிலை தடை. குட்கா, கைனி எல்லாம் அதே கணக்கு. நான் போனில் சொன்னபோது “கொஞ்சம்தானேம்மா, வேட்டி மடிப்பில் வைத்தால் யாருக்குத் தெரியும்” என்றார். வேண்டாம் மாமா என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். கடைசியில் திருச்சி விமான நிலைய வாசலில் வண்டி ஓட்டி வந்த பையனிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டு வந்தார். முதல் நாலு நாள் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

சிகரெட்டுக்கு வரிச் சலுகையே கிடையாது. பிரித்த பாக்கெட்டில் மிச்சமிருக்கும் ஒன்றிரண்டுக்கும் அறிவித்து வரி கட்ட வேண்டும். மின்சிகரெட் வைத்திருப்பதே குற்றம். சூயிங்கம் 1992 முதல் தடை. பிள்ளைகளின் ஸ்கூல் பையையும் ஒரு முறை உதறிப் பாருங்கள். மதுவுக்கு மட்டும் 18 வயது ஆனவருக்கு மொத்தம் இரண்டு லிட்டர் சலுகை உண்டு, அதில் விஸ்கி போன்ற காட்டமான சரக்கு ஒரு லிட்டருக்கு மேல் போகக்கூடாது. மலேசியா வழியாக வந்தால் அதுவும் இல்லை.

அத்தையின் பெட்டியில் நான் முதலில் தேடுவது கசகசா. குருமாவுக்கு அரைக்க ஒரு பொட்டலம் மசாலாவோடு கட்டாமல் அவருக்கு மனசு வராது. கசகசா அபின் செடியின் விதை. அதை இங்கே கொண்டுவர மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் அனுமதி வேண்டும். போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை விதிக்கும் ஊரில் குருமாவுக்காக அந்தப் பெயரோடு எந்தச் சம்பந்தமும் வேண்டாம். முந்திரியை அரைத்துவிடுங்கள், அதே கெட்டி வரும்.

அடுத்தது மாத்திரைகள். சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவு கொண்டுவரலாம். ஆனால் கோடீன் கலந்த இருமல் மருந்து, சில தூக்க மாத்திரைகள் போன்றவற்றுக்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதியை முன்பே வாங்க வேண்டியிருக்கும். எந்த மாத்திரை என்று சொல்ல முடிந்தால்தானே இதெல்லாம்? அத்தை ஸ்ட்ரிப்பைக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு மாத்திரையாக வெட்டி, காலை மதியம் இரவு என்று மூன்று எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். எதிலும் பெயரில்லை. பெயர் தெரியும்படி முழு ஸ்ட்ரிப்பாக, டாக்டர் சீட்டோடு, கைப்பையில் வையுங்கள்.

சாப்பாட்டில் முறுக்கு, சீடை, சாம்பார்ப் பொடி எல்லாம் சரி. இறைச்சி வேண்டாம், அங்கீகரிக்கப்பட்ட நாடுகளிலிருந்து வருவதற்குத்தான் அனுமதி. வீட்டில் போட்ட உப்புக்கண்டத்தை ஊரிலேயே தின்று முடித்துவிட்டு வாருங்கள். 20,000 வெள்ளிக்கு மேல் ரொக்கம் இருந்தால் அறிவிக்க வேண்டும். அந்தக் கவலை எங்கள் வீட்டில் யாருக்கும் இதுவரை வந்ததில்லை.

யாருக்காவது பரிசாக நகையோ புதுப் பொருளோ வாங்கி வந்தால், 48 மணி நேரம் அல்லது அதற்கு மேல் வெளியே இருந்து வருபவருக்கு 500 வெள்ளி மதிப்பு வரை வரி இல்லை. அதற்கு மேல் போனால் மிச்சத்துக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி. அப்படி ஏதாவது கையில் இருந்தால், அல்லது இது சரியா தவறா என்று சந்தேகம் வந்தாலே, சுங்கச் சோதனையில் அறிவிக்கப் பொருள் உள்ளவர்களுக்கான சிவப்பு வழிக்குப் போய் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். அறிவிக்க ஒன்றுமில்லாதவர்களுக்கான பச்சை வழியில் நடந்து பிடிபட்டால் மறந்துவிட்டேன் என்பது பதில் ஆகாது. போன முறை அத்தை மாவடு ஜாடியோடு சிவப்பு வழிக்கே போய்விட்டார். அதிகாரி தமிழர். ஜாடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இதுக்கு வரி இல்லம்மா, போங்க” என்றாராம்.